லவுவார் வம்புமடம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பிரான்ஸ் பயணக் கட்டுரையில் 'லவுவார்' எனப்படும் ஊர்ப் பொதுச் சலவைத்துறை பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. பெண்கள் கூடிச் சிரித்து வம்பளந்த இடம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். வம்பு உண்டுதான். துணியோடு சேர்த்து ஊர்க் கதையையும் அலசியிருப்பார்கள். ஆனால் அது முதலில் இடுப்பை ஒடிக்கும் வேலை நடந்த இடம்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பர்கண்டிப் பக்கம் சில லவுவார்களைப் பார்த்தேன். தொன்னேர் ஊரில் உள்ள 'ஃபோஸ் தியோன்' ஊற்று பிரபலமானது. நீலமும் பச்சையுமாகப் பொங்கும் அந்த ஊற்றைச் சுற்றி 1758-இல் வட்டமாகக் கல்கட்டி, துவைப்பவர்களுக்குக் கூரையும் போட்டிருக்கிறார்கள். அழகுதான், கூட்டமும் அதிகம். எனக்கு மனதில் நின்றது வழியில் பார்த்த ஒரு சின்னக் கிராமத்து லவுவார். தண்ணீரை நோக்கிச் சரியும் கல் விளிம்பு, துணி பட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு பழைய மரப்பெட்டி. அதில் வைக்கோலைத் திணித்து, மண்டியிட்டு, குனிந்தபடியே மரக்கட்டையால் துணியை அடிக்க வேண்டும். என் மனைவி விளையாட்டாக மண்டியிட்டுப் பார்த்தாள். இரண்டே நிமிடம். "முட்டி போச்சுங்க" என்று எழுந்துவிட்டாள். அவர்கள் இதை மார்கழிக் குளிரிலும் செய்தார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை ராஜா காலத்தவை என்று கட்டுரையில் இருந்தது. அதுவும் சரியல்ல. 19-ஆம் நூற்றாண்டில்தான் ஊருக்கு ஊர் பெருகின. காலராவும் டைபாய்டும் மிரட்டிய காலம் அது. 1851 பிப்ரவரி 3-ஆம் தேதிச் சட்டம், பொதுக் குளியலறைகளும் சலவைத்துறைகளும் கட்ட 6 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. பல ஊர்களில் ஊற்றுநீர் முதலில் குடிநீர்க் குழாய்க்கு, அப்புறம் மாட்டுத் தொட்டிக்கு, அதற்கும் பிறகுதான் லவுவாருக்கு. சோப்புத் தண்ணீர் குடிநீரில் கலக்கக் கூடாதே!

பழைய நாட்களில் பெரிய சலவை வருடத்துக்குச் சில தடவைதான். ஒவ்வொன்றும் மூன்று நாள் வேலை. ஊறவைக்கும் முதல் நாளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் (கத்தோலிக்க நம்பிக்கைப்படி, மோட்சம் போகுமுன் ஆன்மா பாவக்கறை நீங்கும் இடம்) என்று பெயர். மறுநாள் நரகம்: பெரிய மரத்தொட்டியில் துணியை அடுக்கி, மேலே விறகுச் சாம்பலைப் பரப்பி, வெந்நீரை ஊற்றி, கீழே வடிவதைப் பிடித்து, சூடாக்கித் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் வெள்ளாவிக்குத் தூரத்துச் சொந்தம். மூன்றாம் நாள் ஈரத்துணியைச் சுமந்துபோய் லவுவாரில் அலசி, நீலம் போட்டு எடுப்பது மோட்சம்.

அந்த மரப்பெட்டியில் மண்டியிட்ட நாளைத்தான் மோட்சம் என்றிருக்கிறார்கள்!

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி