ஐந்தாவது மாடு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சீன ஓவியக் கட்டுரையோடு ஹான் ஹுவாங் வரைந்த 'ஐந்து எருதுகள்' படத்தைப் போட்டிருந்தீர்கள். பக்கத்தைத் திருப்பியதும் மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் எண்ணிப் பார்த்தால் நான்கு மாடுதான் இருக்கிறது! பக்கத்தில் அடங்காததால் இடது ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள் போல. வெட்டுப்பட்டது எந்த மாடு என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஹான் ஹுவாங் தாங் பேரரசின் அமைச்சராக இருந்து 787-ல் இறந்தவர். அவருடைய அந்தக் காகிதச் சுருளில் வயல் இல்லை, மேய்ப்பவன் இல்லை. வலது ஓரத்தில் ஒரு புதர், மீதியெல்லாம் மாடுகள். நடுவில் நிற்பது நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. இடது கோடியில் நிற்கும் ஐந்தாவதற்கு மட்டும்தான் தலையில் சிவப்புக் கயிறு.

அந்தக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. சீனாவின் லியாங் வம்சப் பேரரசர் வூ, மலையில் ஒதுங்கி வாழ்ந்த தாவோ ஹாங்ஜிங் என்ற அறிஞரை அரசுப் பதவிக்குக் கூப்பிட்டார். அவர் வாயால் பதில் சொல்லவில்லை, இரண்டு மாடுகளை வரைந்து அனுப்பினார். ஒன்று தண்ணீரும் புல்லுமாகத் தன் போக்கில் மேய்கிறது. இன்னொன்றின் தலையில் தங்கக் கயிறு. அரசருக்குப் புரிந்துவிட்டது, அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஹான் ஹுவாங்கின் சுருளும் இந்தக் கருத்தைச் சொல்வதாகவே இருக்கும் என்று அதிலேயே எழுதிவைத்தவர், ஒரு காலத்தில் அதைத் தன்னிடம் வைத்திருந்த ஜாவோ மெங்ஃபூ. அவர் யார் என்று பாருங்கள். சீனாவை ஆண்ட சோங் அரச குடும்பத்தில் பிறந்தவர். 1279-ல் அந்த அரசு அழிந்தபின், வென்ற மங்கோலியரான குப்லாய் கானிடமே பதவி ஏற்றார். காலமெல்லாம் அதற்காகப் பழி சுமந்தார். தலைக்கயிறு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஜாவோ மெங்ஃபூவே வரைந்த செம்மறியும் வெள்ளாடும் இருக்கின்றன. நண்பர் கேட்டதால் விளையாட்டாக வரைந்தேன் என்றுதான் அதில் எழுதியிருக்கிறார். ஆனால் சியோங்னு நாடோடிகளிடம் சிக்கி, பணிய மறுத்து, ஆடு மேய்த்தே காலம் தள்ளி 19 ஆண்டுக்குப் பின் நாடு திரும்பிய பழைய சீனத் தூதர் சூ வூவையும், அதே நாடோடிகளிடம் சரணடைந்த தளபதி லீ லிங்கையும் அந்த இரண்டு ஆடுகளில் பார்ப்பவர்கள் உண்டு. சரி, அது ஊகமாகவே இருக்கட்டும். ஆனால் இப்படிப்பட்ட படங்களை 'கிராமத்து அமைதி' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசனுக்கு உழைப்பதா, ஒதுங்கி நிற்பதா என்று படித்தவர்கள் தவித்த தவிப்பு அந்த மாடுகளிலும் ஆடுகளிலும் இருக்கிறது.

மூலச் சுருளின் உயரம் 20.8 செ.மீ., நீளம் 139.8 செ.மீ. ஒரு பக்கத்தில் அடங்காது என்பது எனக்கும் தெரியும். அடுத்த இதழின் நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து, வெட்டாமல் ஒருமுறை போடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி