சில நாட்களுக்கு உங்கள் அஞ்சல் இரண்டு சர்வர்களில் வந்து சேரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை உங்கள் மின்னஞ்சல் கணக்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலையைத் தொடங்குகிறோம். அது முடியும்வரை, உங்களுக்கு வரும் ஒவ்வோர் அஞ்சலையும் பழைய சர்வர் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியைப் புதியதற்கும் அனுப்பும்.

எதற்கு இந்த இரட்டை வேலை? உங்கள் டொமைனுக்கான (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கான) அஞ்சலை எந்தச் சர்வரிடம் ஒப்படைப்பது என்பதை, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் பழைய பதிவை ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கும் சர்வர்கள், அதன் ஆயுட்காலம் முடியும்வரை பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஆயுள் 86400 விநாடி என்றால் ஒரு முழு நாள். அதை முன்கூட்டியே 300 விநாடியாகக் குறைத்துவிடுகிறோம். அப்படியும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும் சர்வர்கள் உண்டு. ஆகவே எம்எக்ஸ் பதிவைக் கடைசியில்தான் தொடுவோம். அதற்குப் பின்னும் வழி தவறிப் பழைய சர்வருக்கு வருபவை புதியதற்குப் போய்ச் சேரும்.

பிரதி எடுக்கும்போது அஞ்சலின் உள்ளடக்கத்தில் கைவைப்பதில்லை. ஆகவே அஞ்சல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் செல்லுபடியாகும். அனுப்பும் சர்வருக்கு அனுப்புநரின் டொமைன் அனுமதி தந்திருக்கிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனைதான் தகராறு செய்யும்: புதிய சர்வரின் பார்வையில் அனுப்புவது எங்கள் பழைய சர்வர் அல்லவா? அதனால் பழைய சர்வரை நம்பும்படி புதியதில் அமைத்திருக்கிறோம். பிரதி ஏதாவது திரும்பினால் அந்தப் பிழைச் செய்தி எங்களுக்கு வரும், உங்களுக்கு எழுதியவருக்குப் போகாது.

இது உள்வரும் அஞ்சலுக்கான பிரதி மட்டுமே. நீங்கள் படித்தது, அழித்தது, அனுப்பியது எதுவும் மறுபக்கத்தில் தெரியாது. பழைய அஞ்சல்களையும் ஃபோல்டர்களையும் ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகத் தனியே நகலெடுக்கிறோம்.

முக்கியமான வேண்டுகோள் ஒன்று. புதிய பெட்டியைத் திறந்து பாருங்கள், தேடிப் பாருங்கள்; ஆனால் நாங்கள் சொல்லும்வரை அங்கிருந்து எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் அலுவலகத்தின் இன்னொருவருக்கு அங்கிருந்து எழுதினால், இருவரும் ஒரே டொமைன் என்பதால் அஞ்சல் அந்தச் சர்வருக்குள்ளேயே நின்றுவிடும். பழைய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வந்ததே தெரியாது. பிழைச் செய்தியும் வராது. இந்த மாற்றத்தில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இதைத்தான்.

விடுமுறைக்கான தானியங்கிப் பதிலைப் பழைய சர்வரில் மட்டும் வைத்திருங்கள். இரண்டிலும் இருந்தால் எழுதியவருக்கு இரண்டு பதில்கள் போகும். பாப் முறையில் அஞ்சலைச் சர்வரிலிருந்து தங்கள் கணினிக்கு இறக்குபவர்கள், புதிய சர்வருக்கு மாறும் நாளில் ஏற்கெனவே உள்ளவை மீண்டும் இறங்குவதைக் காணக்கூடும். அதைத் தவிர்க்க, கணக்கை மாற்றும் முன் எங்களை அழைத்தால் உடனிருந்து அமைத்துத் தருகிறோம்.

எம்எக்ஸ் பதிவை மாற்றும் நாளை முந்தைய தினமே தெரிவிப்போம். உங்கள் டொமைனின் டிஎன்எஸ் வேறொரு நிறுவனத்திடம் இருந்தால், அதை மாற்றும் அனுமதி யாரிடம் உள்ளது என்பதை இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அஞ்சல் சேவைப் பிரிவு