தையல் மிஷினை நகர்த்திய அக்காவுக்கு

பெங்களூர் அல்சூர் தெருக்காரர்களுக்கும் மாலை நேர போட்டோ வகுப்பு நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் தெருத் தாத்தா பாட்டிகளை நான் எடுத்த படங்கள் சுவரேறிவிட்டன. கடைசி ஃபிரேமை மாட்டிவிட்டு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அந்த மழை ராத்திரியை இங்கே விவரிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டோடு நின்றவர்களிடமே அதைத் திருப்பிச் சொல்வானேன்?

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. தண்ணீர் இறைத்த எதிர்வீட்டு அண்ணன்களுக்கு. எங்கள் அரிசி மூட்டையையும் அப்பாவின் ஃபைல்களையும் கட்டிலில் ஏற்றிவிட்டுத் தாங்கள் தரையில் படுத்த மாடிவீட்டுக் குடும்பத்துக்கு. ஷூ டப்பா, மாத்திரை டப்பா, ஹேண்ட்பேக் என்று வீட்டையே குடைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் திரட்டி வந்த வகுப்புத் தோழர்களுக்கு. காமிராவின் பாடி போனது போனதுதான், 50 எம்எம் லென்ஸ் மட்டும் பூஞ்சை பிடிக்காமல் பிழைத்தது. அந்த லென்ஸுக்குப் பொருந்துகிற பாடியைத் தன் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தவளுக்கு. படங்களை ஒப்படைக்கும் கெடுவைத் தள்ளிக் கொடுத்த வகுப்பு சாருக்கு. காமிராவை அரிசிக்குள் புதைத்து வை என்று ஊரிலிருந்து போன் போட்டுச் சொன்ன மாமாவுக்கும் நன்றி உண்டு. நான் புதைக்கவில்லை மாமா. அரிசித் தூசு உள்ளே போனால் அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும்.

இனி எழுதுவதெல்லாம் முதல் மாடியில் ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கு. அவருக்குப் போனில் இதையெல்லாம் படிக்கப் பொறுமை கிடையாது. மகள் படித்துக் காட்டுவாள்.

என் ஃபிளாஷ் லைட்டுகளும் அவற்றின் ஒளியை இளக்குகிற சாஃப்ட்பாக்ஸும் தண்ணீரில் போனது உங்களுக்குத் தெரியும். நான் எடுக்க வேண்டியிருந்ததோ முகங்கள். வேலூர், திருவண்ணாமலை, ஆரணி பக்கத்திலிருந்து எப்போதோ இந்த ஊருக்கு வந்து, இந்தத் தெருவிலேயே நரைத்துப்போன நம் தாத்தா பாட்டிகள். விளக்கு இல்லாவிட்டால் ஜன்னலைத் தேடு என்று வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தெருவில் முக்கால்வாசி ஜன்னல்களுக்கு அதே கதி.

அம்மாவின் அளவு ஜாக்கெட்டைக் கொடுக்கத்தான் மாடி ஏறினேன். எதையும் கேட்கப் போகவில்லை, கேட்கிற தெம்பும் இல்லை. "இன்னா பாப்பா, லைட்டெல்லாம் பூட்ச்சாமே?" என்றார். ஆமாக்கா என்றேன். அளவு ஜாக்கெட்டை வாங்கிப் புடவையோடு சேர்த்து முடிந்து வைத்தார். பிறகு எழுந்துபோய், ஜன்னலடியில் கிடந்த மிஷினைப் பிடித்து எதிர்ச்சுவர் வரைக்கும் இழுத்தார். கால்மிஷின், இரும்பு ஸ்டாண்டு. தரையில் கோடு விழுந்தது. நான் கைகொடுக்கப் போவதற்குள் முடித்துவிட்டார். "பத்துலேர்ந்து பன்னெண்டு வரிக்கும் இங்க குந்த வச்சு எடுத்துக்க. அதுக்கு மேல எனக்கு வோணும்."

தைக்கிறவர்கள் வீட்டில் வளராதவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். வரமகாலட்சுமி பண்டிகைக்கு முந்தைய நாட்கள் அவை. அந்த வெள்ளிக்கிழமைக்குள் புது ஜாக்கெட் வேண்டும் என்று கன்னட வீடு, தெலுங்கு வீடு, நம் வீடு என்று எல்லா வீட்டுத் துணியும் அக்காவின் படியேறும். அவர் கண்ணாடி போட்டவர். மெரூன் துணியில் மெரூன் நூல், கருப்பில் கருப்பு, கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அந்த ஜன்னலடியில்தான் நடக்கும். டியூப் லைட்டில் முடியாதா என்றால் முடியும், மெதுவாக, தலைவலியோடு. வருஷத்திலேயே அதிகம் தேவைப்படும் நாட்களில் தன் காலை வெளிச்சத்தைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

முதலில் உட்கார்ந்தது முறுக்குப் பாட்டி. டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்த்தால் ஒரு கன்னத்தில் பகல், இன்னொரு கன்னத்தில் டியூப் லைட்டின் பச்சை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; பகல் வெயில் 5500 கெல்வின் சுற்றி, மேகம் மூடினால் 6500-ஐத் தாண்டும், குண்டு பல்பு 3000-க்குக் கீழே என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு முகத்தில் இரண்டு விதமான விளக்கு விழுந்தால் காமிராவில் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸில் எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் கெடும். டியூப் லைட்டை அணைத்தாக வேண்டும். அதன் கீழேதான் அக்கா தைத்துக்கொண்டிருக்கிறார். எந்த வாயால் கேட்பது என்று மெனுவைத் திருகிக்கொண்டிருந்தேன். டப்பென்று சுவிட்ச் விழுந்தது.

"டியூப் லைட்டு எரிஞ்சா கலர் மாறும். எனக்குத் தெரியாதா?"

தெரியாமல் இருக்குமா? துணிக்கடைக்குப் போனால் நம் அம்மாக்கள் யாராவது கடைக்குள்ளேயே நின்று மேட்சிங் பார்த்திருக்கிறார்களா? புடவையையும் ஜாக்கெட் பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாயம் வெளியே பிரிந்து தெரியும். அதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர், சார் ஒரு மாலை முழுக்க அதற்குச் செலவழித்தார். அக்காவுக்கு அது பிழைப்பு. லைனிங் ஒரு சாயல் மாறினால் துணி அவர் தலையில் திரும்பி விழும்.

விளக்கை அணைத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பிரிக்க வேண்டிய தையல்களைக் கையால் தடவித் தடவிப் பிரித்தார். பாபின்களுக்கு நூல் சுற்றினார். கண் தேவைப்படாத வேலைகளாகப் பொறுக்கி அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார் என்று போகப்போகத்தான் புரிந்தது. தினமும் நான் போவதற்கு முன்பே அந்தக் குவியல் சுவரோரம் தயாராக இருக்கும்.

சொல்லிக்கொடுத்ததும் உண்டு. பாட்டியின் தாடைக்குக் கீழே ஏதோ பச்சை ஏறியிருந்தது. டியூப் லைட்தான் அணைந்துவிட்டதே என்று நான் முழிக்க, அக்கா வந்து ஜன்னல் கட்டையில் மடித்து வைத்திருந்த கிளிப்பச்சைப் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார். "துணி மூஞ்சில அடிக்கும் பாப்பா." அதற்குப் பதில் வெள்ளை டூ பை டூ ஜாக்கெட் துணியை விரித்தார். தாடையின் கீழ் நிழல் இளகிவிட்டது. அன்றிலிருந்து ஒளியைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் வாங்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. மறுபக்கம் கன்னம் தட்டையாகத் தெரிந்தால் கருப்பு சாட்டினைத் தொங்கவிடுவோம். அது ஒளியை விழுங்கிக்கொள்ளும், எலும்பின் வடிவம் எழுந்து வரும். வகுப்பில் நெகட்டிவ் ஃபில் என்றார்கள். இங்கே பாவாடைத் துணி.

தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும் என்ற விதியை மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்கவும்: அது சின்ன பல்புக்குத்தான் கச்சிதம். அகலமான ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒளி அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஆனாலும் ஸ்டூலை ஒரு முழம் தள்ளினால் முகம் வேறு முகமாகிறது. எங்கே உட்கார்ந்தால் சுருக்கங்கள் சரியாகத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் துணியில் கோடு போடும் சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டார் அக்கா. கூட்டும்போது அதை அழிக்கக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு.

இன்னொன்று. அக்காவுடையது வடக்கு ஜன்னல். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது, அதனால் ஓவியர்களும் போட்டோகிராஃபர்களும் அதைத் தேடுவார்கள் என்று நான் பெரிதாக அளந்துகொண்டிருந்தேன். "யாரு சொன்னது? ஆனி, ஆடியில இங்கியும் எட்டிப் பாக்கும். துணி வெளுத்துப்பூடும்னு நான் திரை போடுவேன்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதிய விதி இங்கே வருஷத்தில் சில மாதம் செல்லாது. ஆவணி பிறந்திருந்தது என் அதிர்ஷ்டம்.

வெளிச்சத்தை அளக்க வைத்திருந்த சாம்பல் நிற அட்டையான கிரே கார்டும் தண்ணீரோடு போயிருந்தது. அது இல்லாவிட்டால் உள்ளங்கையில் விழும் வெளிச்சத்தைக் காமிராவால் அளக்கலாம். அந்த அட்டையின் 18 சதவீதச் சாம்பலைவிட உள்ளங்கை ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம், அதைக் கூட்டிக்கொண்டால் போதும். அக்காதான் சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டுவார். இந்தச் சின்ன வித்தைதான் படங்களைக் காப்பாற்றியது. கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் காமிரா அதைச் சாம்பலுக்கு இழுத்து வெளுக்க வைத்துவிடும். கல்யாண ஆல்பங்களில் நம் ஜனங்கள் எல்லாரும் ஒரே மைதா நிறத்தில் சிரிப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், இங்கேயும் சொல்லிவைக்கிறேன். தன் படத்தைக் காமிராத் திரையில் பார்த்த முனைவீட்டுத் தாத்தா, "நான் கருப்புதாம்மா, கருப்பாவே இருக்கு, நல்லாருக்கு" என்றார். எனக்கு மார்க் போட வந்தவர்கள் அதைவிட நல்லதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

ஜன்னல் வெளிச்சம் இலவசம் என்று படித்திருந்தேன். அந்த மாடியில் அதற்கு விலை இருந்தது. இத்தனை கொக்கி, இத்தனை ஜாக்கெட், இரவு எத்தனை மணி வரை விழிப்பது என்று அக்காவுக்கு அத்துப்படியான விலை. கணக்குப் பார்த்துக் கொடுக்கப் போனேன். "மூஞ்சப் பாரு" என்று விரட்டிவிட்டார். இனி யார் வீட்டு ஜன்னலில் படம் எடுத்தாலும் அங்கே முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். என் முதல் சம்பளத்தில் மிஷினுக்கு மேலே நிறம் சரியாகக் காட்டுகிற, சிஆர்ஐ என்கிற நிற மார்க் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட எல்இடி விளக்கு ஒன்று மாட்டப் போகிறேன். அதற்குப் பிறகும் அவர் வாசலுக்கு வந்துதான் மேட்சிங் பார்ப்பார், தெரியும்.

சுவரில் அக்காவின் படம் ஏன் இல்லை என்று நேற்றே சிலர் கேட்டுவிட்டீர்கள். எத்தனையோ தடவை கேட்டேன். நூல் ஒட்டின புடவையோடு எடுக்காதே, பண்டிகை முடியட்டும் என்று தட்டிக்கழித்தார். இப்போது பண்டிகை முடிந்துவிட்டது. அரக்குக் கலர் ஆரணிப் பட்டு எடுத்து வைத்திருப்பதாக மகள் வழியாகத் தகவல்.

ஞாயிற்றுக்கிழமை வரை படங்கள் சுவரில் இருக்கும். பாட்டிகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாற்காலி போட்டிருக்கிறோம். பண்டிகைக்கு ஜாக்கெட் கைக்கு வரத் தாமதமானவர்கள் அக்காவைத் திட்ட வேண்டாம். அந்த மணி நேரங்கள் என்னிடம்தான் இருந்தன. கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். வேண்டுமானால் உங்களையும் அந்த வட்டத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துத் தருகிறேன், அக்கா மிஷினை நகர்த்தச் சம்மதித்தால்.