வலிக்கு ஒரு அறை ஒதுக்குங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவதும், சுற்றுகிற பெண்களுக்குக் கழுத்தும் தோளும் இடுப்பும் என்ன பாடு படும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. முகாம் போடுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், பெயர் எழுதிக்கொண்டு போகிறீர்கள். அதனால் முன்கதை வேண்டாம், நேராகவே கேட்டுவிடுகிறேன். தாலுகா மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒருநாள், நாள்பட்ட வலிக்கென்று ஒரு அறை ஒதுக்கித் தாருங்கள். அந்த அறையில் காது கொடுத்துக் கேட்கிற டாக்டர் ஒருவர், இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர். அவ்வளவுதான்.

இப்போது எழுத வேண்டிய காரணம், போன வாரம் எங்கள் மதினியிடம் ஒரு டாக்டர், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா நடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள். அந்த நாற்காலிக்கு அடுத்து வருகிறவரும் அதையேதான் சொல்வார். அவரை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. மத்தியானத்துக்குள் அத்தனை சீட்டையும் பார்த்து முடிக்க வேண்டிய மனுஷனிடம் ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் மிஞ்சும்?

மதினிக்கு வலது தோளில் ஆரம்பித்தது. சின்ன வயசிலிருந்தே சம்மணம் போட்டு, மடியில் சுளகை வைத்து, கழுத்தைக் குனிந்தபடி அச்சு வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி வந்தவர். இப்போது தோள், கழுத்து, முதுகு, இரண்டு கை என்று எங்கும் வலி. ராத்திரி ஃபேன் காற்று தோளில் பட்டாலே எரிகிறது என்று முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு படுக்கிறார். தலை சீவக் கை தூக்க முடியாது. காலேஜுக்குப் போகிற மகள், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அம்மாவுக்கும் சேர்த்துப் பின்னிவிட்டு ஓடுகிறாள். விரல் மட்டும் இன்னும் பழக்கத்தில் ஓடுகிறது, ஆனால் 700 பீடி சுற்றிய இடத்தில் இப்போது 400 தேறினால் பெரிது. எண்ணிக்கை குறைந்தால் பீடிக்கடையில் அடுத்த நாள் இலையையும் குறைத்துத்தான் நிறுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு அந்த 400-உம் இல்லை. ஆக, வலிக்கு வைத்தியம் பார்க்கப் போவதே அவருக்குக் கூலி வெட்டு. அந்த வெட்டையும் வாங்கிக்கொண்டு, உட்கார பெஞ்சு கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்று, முறை வந்ததும் கட்டைப்பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் படத்தைப் பார்த்தார், மதினியைப் பார்க்கவில்லை. படத்தில் ஒன்றும் இல்லை, அதனால் மதினிக்கும் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களைக் கூட்டிவந்து முதுகை ஸ்கேன் எடுத்தால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும். படம் சுத்தமாக இருந்தும் வலியில் துடிக்கிறவர்களும் உண்டு. படமும் வலியும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியில், ஆரம்பத்தில் வந்த காயமோ வீக்கமோ ஆறிவிட்ட பிறகும் நரம்பும் தண்டுவடமும் மூளையும் அதிகம் கூசிப்போய், லேசாகத் தொடுவதைக்கூட வலியாகக் காட்டுவது உண்டு. அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம், 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்துவிட்டது. எங்கள் ஊர் ஓபி சீட்டில் மட்டும் இன்னும் 'பாடி பெயின்' என்று இரண்டு சொல் எழுதி, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள்.

மதினிக்கு நல்ல மருந்து எழுதினவர் ஒருவரும் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. வேறொரு டாக்டர், ராத்திரி போட 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினார். நரம்புவலிக்குச் சரியான மருந்துதான். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவைவிட ரொம்பக் குறைந்த அளவில் வலிக்குக் கொடுப்பார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதலில் வாய் உலரும், தூக்கம் அசத்தும். இதில் ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. மதினி மகன் செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது மனநோய்க்கு உள்ள மாத்திரைல்லா?" என்று கடைக்கே வந்துவிட்டான். வீட்டில் அன்றைக்கு ஒரே சண்டை. நான் எடுத்துச் சொன்னேன். "நீ சொல்லுத தம்பி, டாக்டர் சொல்லலியே" என்றார் மதினி. அட்டை பிரித்தபடியே கிடக்கிறது. இரண்டு நிமிஷப் பேச்சு மிச்சமானது, மருந்து வீணானது.

இந்த மாதிரி ஆட்கள் அப்புறம் எங்கே போவார்கள்? "உடம்பு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை" என்று கேட்டு ஏதாவது ஒரு கடைக்குப் போவார்கள். பெயர் இல்லாத காகிதப் பொட்டலத்தில் நாலு நிறத்தில் மாத்திரை கிடைக்கும். அதில் ஒரு குட்டி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. போட்ட அன்றைக்கே வலி பறந்துவிடும். கொஞ்ச நாளில் முகம் ஊதும், சர்க்கரை ஏறும். இல்லையென்றால் டைக்ளோஃபினாக் ஊசி. மாட்டுக்குப் போட்ட அதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்று தெரிந்து, 2006-இல் மத்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அருமையான முடிவு, குறை சொல்லவில்லை. மனுஷ சிறுநீரகம் ஒரு ஊசியில் போய்விடாதுதான். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற ஒரு ஆச்சி மாசக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? கழுகுக்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசி ஆச்சிக்கும் கிடைத்தால் புண்ணியமாகப் போகும். இதற்கிடையில் முட்டிவலி மூன்றே நாளில் பறந்துபோகும் என்று ஃப்ளெக்ஸ் வைத்திருப்பவர்கள், எண்ணெய் விற்பவர்கள், எலும்பு நரம்பு என்று ஆள் ஆளுக்குக் கைகாட்டி அனுப்புகிறவர்கள்... சரி, விடுங்கள். கோபத்தில் பேச்சு எங்கேயோ போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது ஒரு அறைதான். புதுக் கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் அதனால் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள், நன்றி. இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. வருகிற அக்காமார் பிரஷர் பார்க்கும்போதே, "மூணு மாசத்துக்கு மேல எங்கயும் வலி இருக்கா? என்ன மாத்திரை வாங்கிப் போடுதீங்க?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டு எழுதட்டும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களை வாரம் ஒருநாள் அந்த அறைக்கு வரச் சொல்லுங்கள்.

அறையில் நடக்க வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. வலி எரிகிறதா, குடைகிறதா, ஷாக் அடிக்கிற மாதிரி வெட்டுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். எரிச்சலும் வெட்டும் என்றால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. தூக்கம் எப்படி என்று கேட்க வேண்டும். தூங்காத உடம்பில் வலி கூடத்தான் செய்யும். மாத்திரை எதற்கு, எத்தனை நாளில் கேட்கும் என்று சொல்ல வேண்டும். "ரெஸ்ட் எடுங்க" என்பதோடு நிறுத்தாமல், சுளகை எந்த உயரத்தில் வைப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் எழுந்து தோளை அசைப்பது, எந்தப் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று செய்து காட்ட வேண்டும். வலி முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். தலை சீவுகிற அளவுக்குக் கை தூக்கினால் போதும் என்றுதான் மதினியும் சொல்கிறார்.

ஆகவே ஐயா, அம்மா, தயவுசெய்து வாரம் ஒருநாள், ஒரு அறை. எந்த நாள் என்று முடிவு செய்யும்போது எங்கள் பக்கத்துக்குச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குத்தான் பீடிக்கடையில் கூலி போடுவார்கள். ஒருத்தரும் வர மாட்டார்கள், வலி யாருக்கும் இல்லை போல என்று நீங்களும் எழுதிவிடுவீர்கள். செவ்வாயோ புதனோ என்றால் சௌகரியம். காலையில் பஸ் இருக்கிறது. சாய்ந்து உட்காருகிற மாதிரி நாலு நாற்காலியும் போட்டுவைத்தால் உபகாரம்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்து மருந்துக்கடைக்காரன்