கிளைடர் வாங்க வருகிறவர்களுக்கு, கடையிலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

பொங்கல் முடிந்து பட்டங்கள் எல்லாம் பரணுக்கு ஏறிவிட்டன. இனி கிளைடர் காலம், அதாவது ரிமோட்டால் இயக்கிக் காற்றில் மிதக்கவிடும் சின்ன விமானம். இந்த நேரத்தில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "அண்ணை, அந்தப் பெரிய வெள்ளைக் கிளைடர் இருக்கோ?" என்றுதான். இல்லை. விற்று முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், இனிமேல் அதை எடுப்பதில்லை என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். ஏன் என்பதையும் அதற்குப் பதிலாக எதை வாங்கலாம் என்பதையும் கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் ஆறுதலாக எழுதுகிறோம்.

அது மோட்டர் இல்லாத, மலைச்சரிவுக்கென்றே செய்த கிளைடர். காற்று சரிவில் மோதி மேலே எழும்போது அந்த எழுச்சியில் மணிக்கணக்கில் மிதக்கும். ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? கையால் எறிந்தால் ஐம்பது அறுபது அடி போய் இறங்கிவிடும், அதுவும் நடுவில் வடலி இல்லாவிட்டால். போன வருடம் மட்டும் மூன்று பேர் முறிந்த இறக்கையோடு வந்தார்கள். அதை விற்றவர்கள் நாங்கள், அந்தக் கவலை எங்களுக்கு உண்டு.

எங்கள் ஊருக்கு வேறொரு வாய்ப்பு இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து மாசி பங்குனியில் வயலும் தரவையும் காய்ந்து கிடக்கும்போது, நிலம் சூடேறிச் சூடான காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு உயருவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இடத்தில்தான் அந்தக் குமிழ் இருக்கிறது. அதற்குள் கிளைடரைக் கொண்டுபோய் வட்டமடித்தால் அதுவும் உயரும். ஆனால் நாம் பட்டக்காரர்கள், பட்டத்துக்கு நல்ல காற்று அடிக்கும் பின்னேரத்தில்தான் கால் தானாக வயல்வெளிக்குப் போகும். கிளைடருக்கு அது பிழையான நேரம். மூன்று பக்கமும் கடல் என்பதால் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்து அந்தக் குமிழ்களைக் கலைத்துவிடும். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை போங்கள். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் அடிக்கும் மாதங்களில் கிளைடரை வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது. தையில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் நிற்கும்போது பக்கத்திலும் போக வேண்டாம், நூல் கண்ணுக்குத் தெரியாது. பலாலி விமான நிலையத்தைச் சுற்றி எந்த நாளும் வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? முதற்தடவை என்றால் 2 மீற்றர் இறக்கை, உறுதியான நுரை (ஃபோம்) உடல், மூக்கில் சின்ன மோட்டர், மடங்கும் விசிறி. இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்த வகை தானாகவே நேராகிவிடும், வாலில் அசையும் இரண்டு தகடுகளையும் மோட்டரையும் மட்டும் இயக்கினால் போதும். ராடியன் என்ற மாடல் அந்த வகை. மோட்டரை அரை நிமிடம் ஓட்டி உயரம் எடுத்து நிறுத்திவிடுங்கள், மிச்சம் காற்றின் வேலை. ஈஸி கிளைடர் போல 1.8 மீற்றரில் இறக்கையிலும் அசையும் தகடு உள்ளதை ஆறு மாதம் பழகிய பிறகு பார்க்கலாம். மோட்டரை இயக்கும் கொன்ட்ரோலரில், மோட்டர் நின்றதும் விசிறியை நிறுத்தும் பிரேக் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், போடாவிட்டால் விசிறி மடங்காமல் சுற்றிக்கொண்டே கிளைடரை இழுத்துப் பிடிக்கும்.

காசைக் கிளைடரில் குறைத்தாலும் ரிமோட்டிலும் சார்ஜரிலும் குறைக்க வேண்டாம் என்பதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஏனென்றால் ஆறு சனல் (தனித்தனியாக ஆறு அசைவை இயக்கும் வழி) உள்ள ஒரு நல்ல ரிமோட் ஐந்து கிளைடருக்கு உழைக்கும். காபன் நார் உடல் ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மறைக்கும், அப்படியான உடல் என்றால் உள்ளே அந்த அலையை வாங்கும் றிசீவரின் அன்ரெனாவை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் பறக்கவிடுமுன் ரிமோட்டைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது காலடி எடுத்துவைத்து நடந்து பாருங்கள், அங்கிருந்தும் வால் அசைய வேண்டும்.

பற்றரி மூன்று செல் லிப்போ (லித்தியம் பொலிமர்), 1300 மில்லி அம்பியர் மணி போதும். கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று பெரியதைக் கேட்கிறார்கள், பாரம் ஏறினால் மிதப்பு போய்விடும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3.5க்குக் கீழே இறங்குமுன் தரையிறக்குங்கள், நாட்கணக்கில் வைப்பதானால் 3.8. செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரில் மட்டுமே போடுங்கள், போட்டுவிட்டு நித்திரைக்குப் போக வேண்டாம், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட வேண்டாம். இதில் சலுகை இல்லை, வீடு பற்றிக்கொள்ளும்.

பறக்கவிடுமுன் இறக்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அது நேராக நிற்க வேண்டும். பெட்டியில் வரும் தாளில் சரியான அளவு இருந்தால் அதையே பிடியுங்கள். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னுக்குத் தள்ளுங்கள், ஈயம் ஒட்டுவது கடைசி வழி.

அந்த வெள்ளைக் கிளைடரை ஏற்கனவே எங்களிடம் வாங்கியவர்கள் அதை மூலையில் போட வேண்டாம். 30 மீற்றர் றப்பர் குழாயும் 100 மீற்றர் நைலோன் நூலும் நிலத்தில் அடிக்க ஒரு முளையும் இருந்தால், கெற்றப்போல் போல இழுத்துவிட்டு நல்ல உயரத்துக்கு ஏற்றலாம். உங்கள் கிளைடரைக் கொண்டு வாருங்கள், நூலை மாட்டும் கொளுக்கி எங்கே வர வேண்டும் என்று பார்த்து நாங்களே பூட்டித் தருகிறோம். கொளுக்கிக்கும் கூலிக்கும் காசு வேண்டாம், றப்பருக்கு மட்டும் தந்தால் போதும்.

அன்புடன்,
கடையிலிருந்து