வளையாபதிக்கு எதற்குத் துப்பாக்கி?

மந்தைவெளி,
சென்னை

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் கூடவே வைத்திருந்த கதைச் சுருக்கமும் வந்து சேர்ந்தன. மெட்ரோவுக்காக இங்கே தோண்டிப் போட்டிருக்கிற லட்சணத்தில் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். விஜயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ஒளித்து வைக்கிற மிக்சர் டப்பாகூட இப்போது அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். தொலைந்துபோன வளையாபதிச் சுவடியைத் தேடும் திரில்லர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே துப்பாக்கி, ஈ.சி.ஆரில் கார் துரத்தல், கடத்தல் கும்பல். எதற்குடா இதெல்லாம்? நடந்ததே போதுமான அளவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. மாணவராக இருந்தபோது திருவாவடுதுறை மடத்தில் அந்தச் சுவடியைப் பார்த்திருக்கிறார். பழைய நூல்களில் அப்போது அவருக்கு நாட்டமில்லை. நாட்டம் வந்த பிறகு போய்த் தேடினால், இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்து காணாமல் போயிருக்கிறது. யாரும் திருடியதாகவும் தெரியவில்லை. இன்று நமக்கு மிஞ்சியவை புறத்திரட்டு என்ற பழைய பாடல் தொகுப்பிலும் உரைகளிலும் மேற்கோளாகத் தப்பிய 72 பாட்டுகள்தான்.

கரிவலம்வந்தநல்லூரில் அவருக்கு நேர்ந்ததையும் படித்திருப்பாய். கோயிலில் இருந்த வரகுணபாண்டியன் ஏடுகளைப் பார்க்கப் போனால், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். உன் கடத்தல்காரனைவிட எனக்கு இவர்களைக் கண்டால்தான் பயம்.

உன் சுருக்கத்தில் உருப்படியான இடம் ஒன்று உண்டு. பழைய வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடைக்கிறது. அது நிஜமா, போலியா என்று கேள்வி வருகிறது. அதை இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டாயே! கதையே அங்கேதான் இருக்கிறது.

யோசித்துப் பார். நம் ஊர் வெக்கைக்கும் பூச்சிக்கும் ஓர் ஓலை இருநூறு முந்நூறு வருஷம் தாங்கினால் அதிகம். நல்ல நிலையில் இருக்கிற ஏடு என்றாலே பிரதியைப் பார்த்து எழுதிய பிரதியாகத்தான் இருக்கும். ஆகவே ஆயிரம் வருஷத்துச் சுவடி என்று எவனாவது கொண்டு வந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். அடுத்து எழுத்து. ஏட்டில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வித்தியாசத்தையும் படிக்கிறவனே ஊகித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரட்டைக் கொம்பெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். அவருக்கு முந்தைய ஏடு என்று சொல்லிக்கொண்டு இரட்டைக் கொம்பு போட்டிருந்தால் ஆள் மாட்டினான்.

ஆனால் கெட்டிக்காரப் போலி இதிலெல்லாம் சிக்க மாட்டான். தெரிந்த 72 பாட்டையும் அங்கங்கே சரியாகச் செருகி, நடுவே தன் சரக்கைக் கலந்திருப்பான். அவனை எப்படிப் பிடிப்பது? நிஜ ஏடென்றால் ஒவ்வொரு பாட்டிலும் ஏதாவது பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொல் வித்தியாசம், இருக்கும், எழுதியவன் கைப்பிழை இருக்கும். இவன் ஏட்டிலோ, அச்சுப் புத்தகத்தில் பதிப்பாசிரியர் ஊகித்துத் திருத்திய சொல்கூட அப்படியே இருக்கிறது! உன் கதாநாயகி அந்த ஒரு சொல்லில் விரலை வைக்கட்டும். துப்பாக்கி வெடிப்பதைவிட இது அதிரும்.

இன்னொன்று. ஏட்டை எடுத்ததும் மடமடவென்று வாசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். முடியாது. எழுத்தாணியால் கீறியது வெறும் கீறலாகத்தான் தெரியும். மை தடவித் துடைத்தால்தான் எழுத்து எழும்பி வரும். பூச்சி போட்ட ஓட்டை ஏட்டுக்கட்டு முழுவதையும் ஊடுருவிப் போயிருக்கும். ஏட்டுக்கு ஏடு அதே இடத்தில் ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும். பக்கத்தில் குனிந்தால், பூச்சி வராமலிருக்கப் பூசுகிற புல்தைல வாசனை. இதையெல்லாம் நேரில் பார்க்காமல் எழுதாதே. மார்கழியில் கிளம்பி வா. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. இரண்டுக்கும் கூட்டிப் போகிறேன். திருவல்லிக்கேணியில் அவர் இருந்த வீட்டைக் காட்டத்தான் வழியில்லை, 2012இல் இடித்துவிட்டார்கள்.

அப்புறம், அந்தப் போலிச் சுவடிக்காரனைக் கடத்தல் கும்பலின் ஆளாக வைக்காதே. நன்றாகப் படித்த தமிழ் வாத்தியாராக்கு. அந்தக் காப்பியத்தின் மேல் கொண்ட ஆசையிலேயே அவன் அதைச் செய்திருக்கட்டும். அவனுக்கு என் பெயரை வைக்கிற உத்தேசம் இருந்தால், விஜயாவிடம் அனுமதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
ராமு