மொட்டைமாடித் தளத்தை மழைநீர் வடியும்படி வாட்டமாக (சரிவாக) திரும்பப் போட்டுத் தரக் கோரி மனு

பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள்
அனுப்புநர்: 'சி' பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருப்போர்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பிளாக் தங்களுக்குத் தெரியாததில்லை, மேல்நிலைத் தொட்டியை ஒட்டி இருப்பது. போன மழைக்கு முன்பும் மனு கொடுத்தோம், மழை விட்ட பிறகும் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை.

1. மொட்டைமாடியில் பதித்திருந்த பழைய தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) விரிசல் விட்டபோது அதைப் பெயர்த்து எடுக்காமல், மேலேயே இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் தளம் போட்டுவிட்டார்கள். வாட்டமே பார்க்கவில்லை. பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் வேண்டும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இப்போது மழைநீர் இறங்கும் குழாயின் வாய் மேடாகி, நடுவில் குளம்போலத் தண்ணீர் நிற்கிறது. ஓரங்குலம் நின்றாலே சதுர மீட்டருக்கு 25 கிலோ சுமை.

2. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையை வளைத்துப் பூசவில்லை, அங்கேயும் ஓதம் (ஈரக்கசிவு).

3. ஐயா, இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கடைசி வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். அவர் தலைக்கு மேலே பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. உள்ளே இறங்கிய தண்ணீரில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. ஃபேன் கொக்கியும் துருவேறி இற்றுவிட்டதால் ஃபேனைக் கழற்றிவிட்டார்கள், இந்த வெயிலில் அவர் காற்றில்லாமல் கிடக்கிறார். கட்டிலை நகர்த்த அந்த ஒற்றை அறையில் வேறு இடம் எங்கே இருக்கிறது? ராத்திரி பொத்தென்று துண்டு விழும் சத்தம் கேட்டால் மகள் எழுந்து முதலில் அம்மாவின் முகத்தைத்தான் தடவிப் பார்க்கிறார். பார்வையிட வந்தவர் படிக்கட்டுக் கதவோடு திரும்பிவிட்டார். அந்த வீட்டுக்குள் ஒரு நிமிடம் நின்று மேலே பார்த்திருக்கக் கூடாதா?

4. மறுபடி வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டுப் போகாதீர்கள். போட்டதையெல்லாம் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டமாகத் தளம் போட்டு, தட்டோடு பதித்து, இடைவெளியை நீர்க்காப்பு சிமெண்டால் அடைத்துத் தாருங்கள். அப்புறம் குழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கீழே ஒரு சொட்டு ஓதம் தெரிந்தாலும் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள்.

பாட்டி வீட்டுக் கூரையையாவது உடனே சோதித்து, அதுவரை முட்டுக் கொடுங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்த வேலையைத் தொட முடியாது, அது எங்களைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி குடியிருப்போர்